மிடறு

முதலில் முகமூடி.
வெந்நீரில் குழைந்த வெள்ளை வலையை
ஈவரின் முகத்தின்மேல் இழுத்துப் படியவைத்து
மேசையோடு பூட்டுகிறாள் ரன்ஹில்.
மூக்கு, புருவம், ஒருநாள் தாடி
எல்லாம் அதில் அச்சாகின்றன.
"எச்சில் விழுங்கலாமா?"
"விழுங்குங்கள். மெதுவாக."

வடகடல் துறைமுகம் ஒன்றில்
மீன் ஏலம் விடுகிறவர்.
முப்பத்தோரு வருடம்
விடியுமுன் எழுந்து
காட் மீன் பெட்டிகளைக் குரலால் விற்றவர்.
ஆர்ஹுஸ் நகரத்து ஆஸ்பத்திரியில்
குழலுக்குள் போனதும்
காந்தம் தட்டத் தொடங்குகிறது:
டக்டக்டக், பிறகு நீளமாய் ஓர் ஊளை.
பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தட்டுக்கு ஒரு விலை சொல்கிறார் மனதுக்குள்.
நாற்பது, நாற்பத்திரண்டு,
பின்வரிசையில் யார், நாற்பத்தைந்து...
ஒரு தரம். இரண்டு தரம்.
என்ன பெட்டி என்று தெரியாததால்
மூன்றாம் தரம் சொல்லவில்லை.

இரண்டு மாடி கீழே போடில்.
அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.
அவளுக்கு அவர்
இரண்டு மில்லிமீட்டர் தடிமனில்
நூற்றுநாற்பது சாம்பல்நிற ஈவர்கள்.
நாக்கின் வேரில் கட்டி: சிவப்பு.
முதுகுத்தண்டு மஞ்சள், கதிர் தீண்டக்கூடாது.
காதோரம் உமிழ்நீர்ச் சுரப்பிகள்,
இடமும் வலமும், பச்சை.
குரல்வளைக்கு நீலம்.
நீலத்தை மட்டும் அழித்துவிட்டு
இன்னொரு முறை வரைந்தாள்.
கோப்பின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது:
"வாய் வறண்டால் தண்ணீர் வைத்துக்கொள்வாராம்.
தொழிலுக்குக் குரல் வேண்டுமாம்."

எல்லாருக்குமான அட்டவணை சுவரில் தொங்குகிறது.
அதில் எல்லாருக்கும் ஒரே கழுத்து.

மூன்றாம் வாரம்.
ஓட்ஸ் கஞ்சி மண்ணாக ருசித்து
பிறகு அதுவும் இறங்காமல் போன வாரம்.
முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே
ரன்ஹிலின் சுண்டுவிரல் நுழைகிறது.
ஆறு கிலோவை எங்கோ விட்டுவந்திருக்கிறார் ஈவர்.
போட்ட திட்டமோ இன்னும்
முதல்நாள் ஈவரையே குறிவைக்கிறது.
அந்த ஆள் இப்போது இல்லை.

மறுபடி காந்தம், தட்டு, ஊளை.
கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.
போடில் கைதட்ட நினைத்தாள்.
அடுத்த படத்தில் பார்த்தாள்:
வற்றிய கழுத்தில் பிடிமானம் இழந்த இடப்பச்சை
நான்கு மில்லிமீட்டர் உள்ளே சரிந்து
நேராகக் கதிரின் வழியில் உட்கார்ந்திருந்தது.

வரைந்தாள். அழித்தாள். வரைந்தாள்.
கதிரைத் திருப்பினால் நீலம் வேகும்.
நீலத்தைக் காத்தால் இடப்பச்சை போகும்.
இரண்டையும் காக்கப் பார்த்தால்
சிவப்பில் ஒரு விளிம்பு தப்பிவிடும்.
வெளியே சைக்கிள் வரிசையின்மேல் ஆலங்கட்டி கொட்டியது.
காப்பி ஆறி, மேலே ஆடை படிந்தது.
எந்தக் கணக்கும் விடை சொல்லாத இடத்தில்
கழுத்துக்குரியவரையே கேட்பது என்று
டாக்டரை மேலே அனுப்பினாள்.

பேச வலித்ததால் எழுதிக் கொடுத்தார்:
"இடது போகட்டும்.
மூன்று தரம்."

அன்று மதியமே புதுத் திட்டம்.
முப்பத்துமூன்றாம் நாள்
முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள் ரன்ஹில்.
வேண்டாம் என்று தலையசைத்தார்.

மே மாதம், காலை ஆறு மணி.
ரொட்டியை வலப்பக்கமே மெல்லுகிறார்.
குரல் கொஞ்சம் கரகரக்கிறது,
என்றாலும் கடைசிப் பெட்டிவரை எட்டுகிறது.
இடுப்பில் தொங்குகிறது தண்ணீர் பாட்டில்.

நாற்பத்தெட்டு, ஒரு தரம்.
நாற்பத்தெட்டு, இரண்டு தரம்.
ஒரு மிடறு.

அந்த இடைவெளியைக் கண்டுகொண்டுவிட்டார்கள் வியாபாரிகள்.
அவர் மூடியைத் திருகி முடிப்பதற்குள்
யாராவது ஒருவர் கைதூக்கி
ஒரு குரோனர் ஏற்றிவிடுகிறார்.